பதின்மூன்று இலக்கங்கள் திருடுபோனால்: அறிகுறி பார்த்து மீளும் வழி

பெரியம்மாவின் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்திலோ டோங்காட்டிலோ வளர்ந்த தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒன்று இருக்கும். பிஸ்கட் தீர்ந்து நாற்பது ஆண்டு ஆகியிருக்கும். உள்ளே பிறப்புச் சான்றிதழ், பழைய பச்சை அடையாளப் புத்தகம், பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழ், நகராட்சியின் தண்ணீர் ரசீதுகள், ஈமக் காப்பீட்டுத் தாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டில் வளைகாப்பு நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய கைப்பேசி ஊமையானது. திங்கட்கிழமை காலையில் வங்கிக் கணக்கில் மிஞ்சியிருந்தது 61 ராண்ட். அடுத்த மாதமே, அவருடைய பதின்மூன்று இலக்க அடையாள எண்ணை வைத்து யாரோ அவர் பெயரில் இரண்டு கடைக் கடன் கணக்குகளும் ஒரு தனிநபர் கடனும் வாங்கியிருப்பது தெரியவந்தது. எல்லாவற்றையும் சரிசெய்யப் பதினோரு மாதம் பிடித்தது. அதில் என் சாமர்த்தியம் கொஞ்சம்தான். டப்பாவில் இருந்த தாள்கள்தான் வேலையை முடித்தன.

அதிலிருந்து, கோயிலில் பூசை முடிந்து இலை போட்டதும் யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். "என் அடையாளம் திருடுபோய்விட்டது" என்று ஒருவரும் தொடங்குவதில்லை. "தம்பி, போன் வேலை செய்யவில்லை" என்பார்கள். "கால் வைக்காத கடையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது" என்பார்கள். "எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்" என்று ஒரு பெண் சிரித்தபடி சொன்னாள்; பாதியில் அழுதுவிட்டாள். ஆகவே இங்கே எல்லாவற்றையும் அறிகுறியை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எதுவோ அந்த இடத்திலிருந்து படியுங்கள்.

அதற்கு முன் இரண்டு செய்திகள்.

முதலாவது, உங்கள் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் திருடன் கடைசியாகச் செய்த வேலை. வசூல் கடிதம் இன்று வருகிறதென்றால் கணக்கு ஆறு மாதத்துக்கு முன் திறக்கப்பட்டிருக்கும். அதற்கும் முன்னால் உங்கள் அடையாள அட்டையின் நகல் எங்கோ கைமாறியிருக்கும். எனவே கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பின்னோக்கி நடக்க வேண்டும்.

இரண்டாவது, திருடுபோனது என்பதற்காக நம் அடையாள எண்ணை மாற்ற முடியாது. கடவுச்சொல்லை மாற்றலாம், அட்டையை மாற்றலாம். பதின்மூன்று இலக்கங்களும் பொதுவாகச் சாகும்வரை அவையேதான். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் மேலே இருந்தால் ஆண். பதினோராவது குடியுரிமையைச் சொல்லும், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. (ஒரு காலத்தில் நம் இனத்தைக் குறிக்கும் இலக்கமும் அதற்குள் இருந்தது. அது போய்விட்டது, எண் போகவில்லை.) பூட்டை மாற்ற வழியில்லாத வீடு இது. ஆகவே மீட்சி என்பது ஒவ்வொரு வாசலிலும் இருக்கும் காவலாளியிடம் போய், "என் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் இரண்டாம் முறை விசாரியுங்கள்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டு வருவதுதான்.

"கைப்பேசியில் சிக்னல் திடீரென்று போய்விட்டது"

பதறுவதற்கு முன் ஒரு சோதனை. மின்வெட்டு நேரமா? கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் சிக்னல் போகும். அது திருட்டு இல்லை. அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கைப்பேசியைப் பாருங்கள். அவருக்கும் சிக்னல் இல்லையென்றால் தேநீர் போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். அவருக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், அதிலும் சற்று முன் "சிம் மாற்றக் கோரிக்கை வந்துள்ளது" என்றோ "வேறு நிறுவனத்துக்கு எண் மாற்றப்படுகிறது" என்றோ குறுஞ்செய்தி வந்திருந்தால், திருடன் உங்கள் எண்ணைத் தன் கையில் உள்ள சிம்முக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. கைப்பேசியை ஐந்து முறை அணைத்து ஏற்றிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நாங்களும் அதைத்தான் செய்தோம். நடுவில் ஒருவர் சிம்மை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தும் பார்த்தார்.

வேறொருவரின் கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிடுங்கள். தொலைபேசி நிறுவனத்தை இரண்டாவதாகக் கூப்பிடலாம். இந்த வரிசையைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். எண்ணை மீட்பது மணிக்கணக்கில் இழுக்கும். அந்த நேரத்தில் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்கள் (ஓடிபி) எல்லாம் திருடனின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கியால் சில நிமிடங்களில் கதவை அடைக்க முடியும். "கணக்குகள், அட்டைகள், செயலி, இணைய வங்கி நான்கையும் முடக்குங்கள்" என்று நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அட்டையை மட்டும் முடக்கிவிட்டு "முடிந்தது அம்மா" என்று சொன்ன ஊழியரை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்கும் குறிப்பு எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு தொலைபேசி நிறுவனம். எண்ணைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சிம் எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தக் கிளையில் அல்லது எந்த வழியில் மாற்றப்பட்டது என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு வங்கி "கடவு எண்ணைக் கொடுத்தது நீங்கள்தான்" என்று கையை விரிக்கும்போது இந்தத் தாள்தான் பேசும். பணம் வெளியேறிய நேரம் சிம் மாறிய நேரத்துக்குப் பின்னால் இருந்தால், கடவு எண் உங்களுக்கு வரவே வாய்ப்பில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது மின்னஞ்சல். வீட்டில் உள்ள வேறு கணினியில் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய், வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது நுழைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் தகவல் கசிவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

நான்காவது குடும்பக் குழு. எண் போனால் வாட்ஸ்அப்பும் போகும். "அக்கா, அவசரம், இரண்டாயிரம் ராண்ட் அனுப்பு, இரவே தந்துவிடுகிறேன்" என்று உங்கள் பெயரிலேயே செய்தி போகும். அன்று எங்கள் மாமா ஒருவர் அனுப்பியும் விட்டார். பெரியம்மாவோ அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

வங்கி பணத்தைத் தர மறுத்தால் அதன் முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு தேசிய நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்புக்குப் போகலாம். 2024 மார்ச் 1 முதல் வங்கி, கடன், காப்பீடு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த குறைதீர்ப்பாளர்கள் அதன்கீழ் ஒன்றாக்கப்பட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் முதலில் வங்கியிடமே முறையாகப் புகார் செய்திருக்க வேண்டும்.

"நான் வாங்காத கடனுக்குக் கடிதம் வந்திருக்கிறது"

இதுதான் அதிகம் வருவது. இதில்தான் நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் ஒதுங்கியதிலிருந்து, எழுத்தர் காதில் விழுந்தது எதுவோ அதுவே நம் குடும்பப் பெயர் என்றாகிவிட்டது. கவுண்டர் கொவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். இன்று ஃபீனிக்ஸில் ஒரு தெருவில் கல்லை எறிந்தால் ஒரு நாயுடுவின் கூரையிலோ ஒரு பிள்ளையின் காரிலோ விழும். தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போகும் இரண்டு பேரின் பதிவுகள், யார் எங்கே கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று குறித்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தில் ஒன்றாகக் கலந்துவிடலாம். அது திருட்டு இல்லை, குழப்பம். இரண்டுக்கும் மருந்து வேறு.

எப்படிப் பிரித்தறிவது? கடன் அறிக்கையை வரவழையுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் எண் தேசியக் கடன் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை அதை இலவசமாகத் தர வேண்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். மூன்றிலும் கேளுங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. தெரியாத கணக்கு பத்து ஆண்டாக ஒழுங்காகத் தவணை கட்டப்பட்டு வந்திருந்தால் அது யாரோ ஒரு நேர்மையான கொவெண்டருடையது. திருடன் தவணை கட்டமாட்டான். கணக்கு புதிது, முகவரி புதிது, தொலைபேசி எண் புதிது, முதல் தவணையே கட்டப்படவில்லை, அதே வாரத்தில் ஐந்தாறு இடங்களிலிருந்து உங்கள் பதிவு விசாரிக்கப்பட்டிருக்கிறது என்றால் அது திருட்டு. அந்த விசாரணைப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. அடுத்து எங்கெல்லாம் கடிதம் வரப்போகிறது என்பதை அதுதான் முன்கூட்டியே சொல்லும்.

கலப்புதான் என்றால் அடையாள அட்டை நகலோடு அந்த நிறுவனத்திடம் மறுப்பு எழுதிக் கொடுத்தால் போதும். போலீசுக்குப் போக வேண்டியதில்லை.

திருட்டு என்றால், முதல் விதி: ஒரு ராண்ட் கூடக் கட்டாதீர்கள். "ஐம்பது ராண்ட் கட்டுங்கள், விசாரித்துத் திருப்பித் தருகிறோம்" என்று வசூல்காரர் இனிமையாகப் பேசுவார். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் கொடுத்துவிடுவீர்கள். தொலைபேசியில் "ஆமாம், என் கணக்குதான், ஆனால்..." என்று வாக்கியத்தைத் தொடங்கவும் வேண்டாம். "இது என் கணக்கில்லை. எழுத்தில் அனுப்புங்கள். கடன் வசூலிப்போர் மன்றத்தில் உங்கள் பதிவு எண் என்ன?" மூன்றே வாக்கியம். பெரியம்மா இதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி மாட்டியிருந்தார்.

பிறகு பிரமாணப் பத்திரம். எல்லாக் கதவுக்கும் இந்த ஒரே சாவிதான் என்பதால் நிதானமாக எழுதுங்கள். நான் யார், எந்தத் தேதியில் எப்படித் தெரியவந்தது, எந்தக் கணக்கு எண்கள். அவற்றை நான் திறக்கவில்லை, யாருக்கும் அனுமதி தரவில்லை, எந்தப் பலனும் பெறவில்லை. அவ்வளவுதான். எடுத்தவன் யாராக இருக்கும் என்ற ஊகத்தை அதில் நுழைக்க வேண்டாம். ஊகம் பொய்த்தால் பத்திரம் முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகாதீர்கள். சத்தியப் பிரமாண ஆணையருக்கு எதிரில்தான் போட வேண்டும். காவல் நிலையத்தில் அது இலவசம்.

அங்கேயே வழக்கும் பதிய வேண்டும். "பணத்தை இழந்தது கடைதான், கடைக்காரர் வந்து புகார் கொடுக்கட்டும்" என்று முகப்பில் இருப்பவர் சொல்லக்கூடும். எங்களுக்குச் சொன்னார். அமைதியாகப் பதில் சொல்லுங்கள்: என் பெயரில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது, மோசடிப் புகார் கொடுக்க வந்திருக்கிறேன், எனக்கு வழக்கு எண் வேண்டும். இணையவழி மோசடி என்றால் 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் இணையக் குற்றச் சட்டமும் இருக்கிறது. அதற்கும் மறுத்தால் நிலையத் தலைவரைப் பார்க்கக் கேளுங்கள். வேறு காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நாங்கள் மூன்றாம் முறைதான் வழக்கு எண் வாங்கினோம். அந்த மூன்றாம் முறை பெரியம்மா கையில் டப்பாவும் ஒரு பாய் மூட்டையும் இருந்தன. மூட்டை எதற்கு என்று முகப்பில் இருந்தவர் கேட்டபோது, "இன்றும் இல்லையென்றால் இங்கேயே படுத்துக்கொள்ளத்தான் ஐயா" என்றார்.

வழக்கு எண்ணும் பத்திரமும் கையில் வந்ததும் அதே நாளில் எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். எனப்படும் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் பதியுங்கள். ஆள்மாறாட்டத்தால் பாதிக்கப்பட்டவர் என்று உங்களைப் பட்டியலிடுவார்கள். அதன் உறுப்பினர்களான வங்கிகளும் கடன் நிறுவனங்களும் உங்கள் எண்ணில் விண்ணப்பம் வரும்போதெல்லாம் அந்தக் கொடியைப் பார்த்துக் கூடுதலாக விசாரிப்பார்கள். உங்கள் சொந்த விண்ணப்பமும் சற்றுத் தாமதமாகும். பரவாயில்லை.

அடுத்து, கணக்கைத் திறந்த கடைக்கு எழுத்தில் கேள்வி: விண்ணப்பப் படிவம், அதோடு வைத்த அடையாள நகல், பொருள் போய்ச் சேர்ந்த முகவரி, கொடுத்த தொலைபேசி எண். எங்கள் வழக்கில் அந்த நகல் வந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எண் பெரியம்மாவுடையது, படம் முப்பது வயதுப் பெண்ணுடையது. எழுபதைத் தாண்டியவரை அருகில் உட்கார வைத்துக் காட்டினால் போதாதா? பழைய பச்சைப் புத்தகத்தில் படம் மாற்றுவது அத்தனை எளிது. 2013இல் வந்த மின்னணு அடையாள அட்டைக்கு இன்னும் மாறாதவர்கள் இந்தக் காரணத்துக்காகவே மாற வேண்டும்.

கடன் தகவல் நிறுவனத்திடம் மறுப்புக் கொடுத்தால் விசாரித்து முடிவு சொல்ல அவர்களுக்கு 20 வேலை நாள்கள். தகவல் சரி என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்காவிட்டால் பதிவை நீக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் மட்டும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நாள்களை எண்ணுங்கள். இருபத்தோராவது நாள் காலையில் கூப்பிடுங்கள்.

வந்த கடிதம் தேசியக் கடன் சட்டத்தின் 129ஆம் பிரிவின்கீழ் வரும் முன்னறிவிப்பா, நீதிமன்ற அழைப்பாணையா என்று பாருங்கள். முன்னறிவிப்பு என்றால் பத்து வேலை நாள்களுக்குள் மறுப்பு எழுதுங்கள். நீதிமன்ற அலுவலரான ஷெரீஃப் கொண்டுவந்த அழைப்பாணை என்றால் அதை டப்பாவில் போட்டு மூடக் கூடாது. எதிர்வாதம் செய்யப்போவதாகப் பத்து நீதிமன்ற நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நீங்கள் அறியாமலே தீர்ப்பு வந்துவிட்டிருந்தால், தெரிந்த நாளிலிருந்து இருபது நீதிமன்ற நாள்களுக்குள் ரத்துக் கோரலாம். இந்த இடத்தில் மட்டும் என்னைப் போன்றவனின் பேச்சை நம்பி நிற்காமல் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள்.

"மாதாமாதம் 99 ராண்ட் போகிறது"

வயதானவர்கள் வங்கி அறிக்கையைப் படிப்பதில்லை. படிப்பவர்களும் 99 ராண்டைப் பெரிதாக நினைப்பதில்லை. திருடனுக்கு அது தெரியும். நூறுக்குக் கீழே போனால் குறுஞ்செய்தி வராத கணக்குகள் இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. நீங்கள் அனுமதிக்காத டெபிட் ஆர்டர் (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு) என்றால் நாற்பது நாள்களுக்குள் வங்கியிடம் மறுத்தால் பொதுவாக உடனே திருப்பி வைப்பார்கள். அதைத் தாண்டினால் பணம் எடுத்தவரிடம் அனுமதிச் சான்று கேட்டு, அதன் பிறகுதான் முடிவு. மறுத்ததோடு நிற்காமல் அந்த நிறுவனத்தைத் தடுக்கவும் சொல்லுங்கள். அடுத்த மாதம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வருவார்கள். டெபிசெக் முறையில் உங்கள் கைப்பேசிக்கு அனுமதி கேட்டு வரும் செய்தியை என்னவென்று தெரியாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொண்டதை மறுப்பது கடினம்.

அந்த 99 ராண்ட் ஈமக் காப்பீட்டுக்குப் போகிறதென்றால் இன்னொன்றையும் பாருங்கள்: யாருடைய சாவுக்கு, யாருக்குப் பணம்?

"உள்துறைப் பதிவில் எனக்குத் திருமணம் ஆகிவிட்டதாம்"

சிரிப்பு வரும், ஆனால் இது பெரிய விஷயம். இந்த நாட்டில் திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. முகம் தெரியாத அந்த ஆளின் கடன் உங்கள் வீட்டைத் தொடலாம்; வீட்டை விற்க அவர் கையெழுத்து கேட்கப்படலாம்; உண்மையான கல்யாணத்துக்குப் பதிவாளர் மறுப்பார்.

விவாகரத்துக்கு மனுப் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் வக்கீல் ஒருவரே ஒரு குடும்பத்துக்கு அப்படி யோசனை சொன்னார். விவாகரத்துக் கேட்டால் நடக்காத திருமணத்தை நடந்ததாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். உள்துறை அலுவலகத்துக்குப் போய், போலித் திருமணம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்து, பதிவேட்டில் உள்ள கையெழுத்தையும் ரேகையையும் உங்களுடையதோடு ஒப்பிடக் கேளுங்கள். அந்தத் தேதியில் நீங்கள் எங்கிருந்தீர்கள் என்பதற்கு வேலை வருகைப் பதிவேடு, மருத்துவமனைச் சீட்டு, பள்ளிப் பதிவு எதுவானாலும் கொண்டுபோங்கள். அந்த அழுத பெண்ணுக்குக் கைகொடுத்தது அவள் பிரசவ வார்டில் இருந்த சீட்டு. பதிவில் இருக்கும் "கணவர்" நாளைக்கே வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் ஒரு காகிதம்தான். அதனால் பயத்தைக் குறைத்துப் பொறுமையைக் கூட்டிக்கொள்ளுங்கள். இது மாதக்கணக்கில் இழுக்கும்.

சில்லறை அறிகுறிகள்

வரித் துறையான சார்ஸிலிருந்து "உங்கள் வங்கி விவரம் மாற்றப்பட்டது" என்று செய்தி வந்தால், அதில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். நீங்களாகவே இணையதள முகவரியைத் தட்டி உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் கணக்கை யாரோ பிடித்துக்கொண்டார்கள். கிளைக்கு முன்பதிவு செய்து அசல் அட்டையோடு போங்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் "ஏற்கெனவே பெறுகிறீர்கள்" என்ற பதில் வருகிறதா? 2020இல் 350 ராண்டாகத் தொடங்கி 2024இல் 370 ஆன நிவாரண உதவியில் பிறர் எண்ணை வைத்து விண்ணப்பித்தவர்கள் உண்டு. குறிப்பாகப் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் எண்ணைச் சோதித்துப் பாருங்கள். அவர்கள் பெயரில் இன்னும் ஒன்றும் இல்லாததால் திருட்டு வெளியே தெரியவே ஆண்டுகள் ஆகும்.

நீங்கள் இயக்குநராக இருக்கும் நிறுவனம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தால் நிறுவனப் பதிவு ஆணையத்திடம் பத்திரம் கொடுங்கள். போலீஸ் நற்சான்றிதழில் தெரியாத குற்றம் வந்தால் ரேகை ஒப்பீடு கேளுங்கள். எண் பொய் சொன்னாலும் விரல் பொய் சொல்லாது.

"கட்டணம் கொடுத்தால் உங்கள் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று அழைப்பு வந்தால், அது இரண்டாவது திருடனாக இருக்கலாம். மேலே சொன்ன புகார், மறுப்பு, எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். பதிவு, குறைதீர்ப்பாளர் எதற்கும் காசு இல்லை.

"எடுத்தவன் வீட்டுப் பையன்தான் என்று நினைக்கிறேன்"

இதை இலைக்கு முன்னால் யாரும் சொல்வதில்லை. வெளியே, செருப்பு மாட்டும் இடத்தில் சொல்வார்கள். ஆயாவின் எண் தெரிந்தவன், டப்பா எங்கே என்று தெரிந்தவன், ஆயாவுக்குச் செயலியைப் போட்டுக் கொடுத்தவன், மூன்றும் ஒரே பேரனாக இருக்கலாம். அவன் பெயர் சொல்லாமல் கடனை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது என்றே சொல்கிறேன். பத்திரத்தில் ஊகம் வேண்டாம் என்றேன், ஆனால் அறிந்ததை மறைத்தால் அது பொய்ச் சத்தியம். வழக்கே வேண்டாம் என்று நினைத்தால் ஒரே நேர்மையான வழி, கடன் உண்மையானதென்று ஏற்று அந்தப் பையனைக் கொண்டே கட்டவைப்பது. இரண்டில் எது என்பதை ஆயாதான் தீர்மானிக்க வேண்டும்; அவர் சார்பில் மாமாக்கள் கூடிப் பேசி முடிக்கக் கூடாது. பணம் போனது அவருடையது.

வெளியாள்தான் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எக்ஸ்பீரியனிடமிருந்து சுமார் 2.4 கோடி தென்னாப்பிரிக்கர்களின் விவரம் மோசடிக்காரர் ஒருவர் கைக்குப் போனது 2020 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. 2022 மார்ச்சில் டிரான்ஸ்யூனியனுக்குள் ஊடுருவினார்கள். நம் எண்ணைக் காக்க வேண்டியவர்களிடமிருந்தே போயிருக்கிறது. "நான் என்ன தப்புச் செய்தேன்" என்று பெரியம்மா வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் செய்யவில்லை.

இன்னும் ஒன்றும் நடக்காதவர்களுக்கு

ஒரு மாலை ஒதுக்கி டப்பாவை இறக்குங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் நான்கைந்து சான்றொப்ப நகல்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றொப்பத்தைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஆகவே நகலைவிட அசல் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். யாருக்கு நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே, "இன்ன நிறுவனத்துக்கு, இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதுங்கள். வேறு இடத்தில் அது உதவாமல் போகட்டும்.

ஒரு தாளில் வங்கிகளின் மோசடிப் பிரிவு எண்கள், தொலைபேசி நிறுவனத்தின் எண், எந்தெந்த வங்கியில் என்னென்ன கணக்கு, எந்தெந்த டெபிட் ஆர்டர் உண்மையானது. கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், போவது கைப்பேசிதானே. கடவுச்சொல், பின் எண் எதுவும் டப்பாவுக்குள் கூடாது. டப்பா இருக்கும் இடம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்.இன் பாதுகாப்புப் பதிவை நடப்பதற்கு முன்பே செய்யலாம், அதுவும் இலவசம். அட்டை தொலைந்த நாளிலேயே செய்ய வேண்டியது அது. வங்கியில் அன்றாடப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வையுங்கள். எங்களுக்கு அது பத்தாயிரமாக இருந்தது, ஆயிரமாக இருந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டாம் நிலைப் பின் எண்ணைப் போடுங்கள்.

மூன்று நிறுவனங்களின் இலவச அறிக்கையையும் ஒரே நாளில் வாங்கிவிடாமல் ஆண்டில் பரப்பிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தைப்பூசத்துக்கு ஒன்று, சித்திரைக் காவடிக்கு ஒன்று, புரட்டாசி விரதம் தொடங்கும்போது ஒன்று. நாள் மறக்காது. மூன்றிலும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியது மூன்றே இடம்: முகவரிப் பட்டியல், விசாரித்தவர் பட்டியல், கணக்குப் பட்டியல்.

கடைசியாக ஒரு பள்ளிக் குறிப்பேடு. தேதி, நேரம், பேசியவர் பெயர், குறிப்பு எண், எந்த நாளுக்குள் செய்வதாகச் சொன்னார்கள் என்ற ஐந்து கட்டங்கள். பெரியம்மாவுடையதில் பதினோரு மாதத்தில் எண்பத்து நான்கு வரிகள் சேர்ந்தன. முதல் பக்கத்தில் பேசியவர் பெயர்க் கட்டம் முழுக்கக் காலி. பெயர் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருந்தார். நான்காம் பக்கத்திலிருந்து பெயரோடு குடும்பப் பெயரும் இருக்கிறது; அதன் எழுத்துக்கூட்டலை ஒருமுறை கேட்டுச் சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சின்ன டிக்கும்.